கன்வர்ட்டிபிள் கார் சீட்: முதலில் காரை அளந்துவிட்டு, பிறகு சீட்டைத் தேடுங்கள்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இதுவரை பத்துப் பன்னிரண்டு கார்களில் குழந்தை சீட் பொருத்த உதவியிருக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதலில் சீட்டை வாங்கினார்கள், பிறகுதான் காரைத் திறந்து பார்த்தார்கள். மாடிப்படியை அளக்காமல் பீரோ வாங்கிய கதை.

அதில் முதல் ஆள் நான்தான். மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது கடைக்காரர், “எல்லா காருக்கும் பொருந்தும் சார்” என்றார். நம்பி வாங்கி வந்தேன். சீட்டைப் பின்னோக்கி வைத்து, காரின் பெல்ட்டைச் சுற்றி இழுத்தால் கொக்கி இன்னும் நான்கு விரற்கடை தள்ளி நின்றது. பெல்ட் அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வரவில்லை. பெட்டியைக் கிழித்துவிட்டதால் கடையிலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கன்வர்ட்டிபிள் சீட் என்பது ஒரே சீட்டை இரண்டு திசையிலும் வைக்கும் வகை. கைக்குழந்தைக்குக் காரின் பின்பக்கம் பார்த்து, வளர்ந்த குழந்தைக்கு முன்பக்கம் பார்த்து. சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பின்னோக்கி வைக்கும்போது அதிக இடமும் நீளமான பெல்ட்டும் கேட்கும். அதனால்தான் கீழே உள்ள வரிசை முக்கியம். முதல் நான்கு படிகளை முடிக்காமல் கடைக்கோ இணையத்துக்கோ போகாதீர்கள்.

தொடங்கும் முன் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: காரின் கையேடு, அளக்கும் டேப், டார்ச், குழந்தையின் இன்றைய எடையும் உயரமும் எழுதிய துண்டுக் காகிதம். கூடவே, உங்கள் காரை ஓட்டுபவர்களிலும் முன்னால் உட்காருபவர்களிலும் மிக உயரமான ஒருவர். இந்தக் கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

1. கையேட்டில் ஒரே ஓர் அட்டவணை

கார் கையேட்டை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. குழந்தை இருக்கைகள் பற்றிய பகுதியில் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் குழந்தையின் எடைப் பிரிவுகள், மேலே காரின் ஒவ்வொரு இருக்கையும், கட்டங்களில் எழுத்துகள். ‘யு’ என்றால் பொதுவான எந்த அங்கீகரிக்கப்பட்ட சீட்டையும் அந்த இடத்தில் பெல்ட்டால் கட்டலாம். ‘யு.எஃப்’ என்றால் முன்னோக்கி மட்டும். ‘எல்’ என்றால் கார் நிறுவனம் பட்டியலிட்ட குறிப்பிட்ட சீட்டுகள் மட்டும். ‘எக்ஸ்’ என்றால் அந்த இடத்தில் கூடவே கூடாது.

ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் காரிலுள்ள இரும்புக் கம்பிகளில் சீட்டை நேராக மாட்டும் முறை; அதற்கான அட்டவணை தனியாக இருக்கலாம். அதில் அளவு வகுப்புகளையும் ஆங்கில எழுத்துகளில் தந்திருப்பார்கள். பின்னோக்கிய பெரிய சீட்டுக்கு ‘சி’, சற்றுச் சிறியதற்கு ‘டி’, கைக்குழந்தைக்கு மட்டுமான பின்னோக்கிய சீட்டுக்கு ‘ஈ’. உங்கள் கார் ‘டி’ வரைதான் அனுமதிக்கிறது என்றால், ‘சி’ அளவு சீட்டை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். புதிய முறையில் இதே பொருளில் ‘ஆர்’ எழுத்தும் எண்ணும் வரும்.

கையேடு தொலைந்துபோனவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளங்களில் மாடலையும் ஆண்டையும் கொடுத்தால் கிடைத்துவிடும். ஆண்டு முக்கியம். ஒரே பெயரில் ஓடும் காரின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இந்த அட்டவணை மாறும்.

2. பின் இருக்கையில் கையை விட்டுத் தேடுங்கள்

அட்டவணை சொன்னதை இப்போது கையால் உறுதிப்படுத்த வேண்டும். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சென்னையில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

முதலில் ஐசோஃபிக்ஸ். பின் இருக்கையின் சாய்மானமும் அமரும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரல்களை நுழைத்தால், 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே 28 செ.மீ. இடைவெளி. இது உலக அளவில் ஒரே அளவு.

விரலுக்குக் கம்பி தட்டுப்படவில்லை என்றால் உடனே “எங்கள் காரில் இல்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். சீட் கவரைப் பாருங்கள். புதுக் கார் வாங்கிய வாரமே ஜி.பி. ரோட்டுக்குப் போய் ரெக்சின் கவர் மாட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். அந்தக் கவர் கம்பிகளை முழுக்க மூடி, மேலே அழகாகத் தையலும் போட்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் தன் காரில் ஐசோஃபிக்ஸ் இல்லவே இல்லை என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்து, கவரின் ஓரத்தைத் தூக்கியபோது கம்பி பளபளவென்று இருந்தது. கவர் தைத்துக் கொடுத்த கடையிலேயே அந்த இடத்தில் திறப்பு வெட்டி ஓரம் தைத்துத் தருவார்கள். வழவழப்பான தடித்த கவராக இருந்தால், சீட் வைக்கும் பக்கத்தில் மட்டும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. கவரின் மேல் சீட் வழுக்கும். பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் தளர்ந்துவிடும்.

அடுத்தது, மேல் பட்டைக்கான பிடிப்பு. முன்னோக்கி வைக்கும்போது சீட்டின் தலைப்பகுதி முன்னால் பாயாமல் இருக்க, அதன் உச்சியிலிருந்து ஒரு பட்டை காரின் பின்புறம் போய் மாட்டும். இந்தப் பிடிப்பு செடான் கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டிலும், ஹேட்ச்பேக்கில் சாய்மானத்தின் முதுகிலோ டிக்கித் தரையிலோ இருக்கும். சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் டிக்கியைக் கட்டாயம் பாருங்கள். சிலிண்டருக்குப் பின்னால் பிடிப்பு மறைந்திருக்கலாம், அல்லது பட்டை போகும் வழியில் சிலிண்டர் குறுக்கே நிற்கலாம். சாமான் கட்டும் வளையமும் டிக்கியில் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் அதில் பட்டையை மாட்டக்கூடாது. அது பெட்டியைத் தாங்கச் செய்தது, குழந்தையைத் தாங்க அல்ல. கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, தரை. சில சீட்டுகளுக்கு மேல் பட்டைக்குப் பதில் தரையில் ஊன்றும் கால் இருக்கும். காரின் தரையில் பொருள் வைக்கும் குழிப்பெட்டி இருந்தால், அதன் மூடியின் மேல் காலை ஊன்றக்கூடாது, மூடி உடைந்துவிடும். பஞ்சு மெத்தைபோல் தடித்த தரைவிரிப்பு போட்டிருந்தாலும் கால் உறுதியாக நிற்காது. அந்த ஒரு துண்டை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பெல்ட். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் மூன்று முனைப் பெல்ட்தானா என்று பாருங்கள். பழைய கார்களில் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும், பல சீட்டுகளுக்கு அது போதாது. பிறகு பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கொக்கியிலிருந்து தொடங்கி மொத்த நீளத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். நான் கோட்டைவிட்டது இந்த ஓர் அளவைத்தான்.

முழுவதும் இழுத்த பெல்ட்டை மெதுவாக உள்ளே விடும்போது ‘டிக் டிக்’ என்று பல் பிடிக்கும் ஓசை வருகிறதா என்றும் கேளுங்கள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் வராது. வெடுக்கென்று இழுத்தால் மட்டுமே பெல்ட் பூட்டிக்கொள்ளும். இது ஏன் முக்கியம் என்பது 6-ஆம் படியில் தெரியும்.

கொக்கியின் தண்டையும் கவனியுங்கள். அது நீளமாக மெத்தைக்கு மேல் எழும்பி நின்றால், சீட்டின் பெல்ட் பாதையின் விளிம்பில் கொக்கியே போய் இடித்து மடங்கும். அப்படி மடங்கிய கொக்கி விபத்தின்போது உடையலாம். இதற்கு வேறு வழியில்லை, வேறு சீட்தான்.

3. உயரமானவரை முன்னால் உட்காரவைத்து அளங்கள்

பின்னோக்கிய சீட் முன் இருக்கையின் இடத்தைத் தின்னும். அதனால் உயரமானவரை முன்னால் உட்காரச் சொல்லி, அவர் வசதியாகக் காலை நீட்டும் அளவுக்கு இருக்கையைத் தள்ளச் சொல்லுங்கள். ‘சமாளித்துக்கொள்வேன்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்து கிண்டியிலிருந்து சிறுசேரிவரை தினமும் ஓட்ட முடியாது, அப்படி உட்காருவது ஓட்டுநருக்கும் ஆபத்து.

இப்போது பின் இருக்கையின் சாய்மானத்திலிருந்து முன் இருக்கையின் முதுகுவரை, குழந்தை சீட்டின் தலைப்பகுதி வரும் உயரத்தில் அளங்கள். கீழே அளந்தால் கணக்குத் தப்பும், முன் இருக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மேலே இடம் குறைவு. கதவு திறக்கும் அகலத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். பெரிய சீட்டைச் சிறிய கதவு வழியாக நுழைக்க முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. குழந்தையின் எடை, உயரம்

வயதைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் ‘0 முதல் 4 வயது’ என்று அச்சிட்டிருப்பது விளம்பரம். எடையும் உயரமும்தான் கணக்கு. தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதிய எடை பழையதாக இருந்தால் மறுபடி போட்டுப் பாருங்கள்.

பின்னோக்கி வைப்பதற்கான மேல் வரம்பு சில சீட்டுகளில் 13 கிலோ, சிலவற்றில் 18 கிலோ. முடிந்தால் 18 கிலோ வரம்புள்ளதையே தேடுங்கள். காரணம் இது: சிறு குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து வலுவில்லாதது. கார் நேருக்கு நேர் மோதும்போது முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

5. முத்திரையைப் படிப்பது

சீட்டின் அடியிலோ முதுகிலோ ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டு இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. விதிகளின்படி சோதித்தது. எண் எந்த நாடு அங்கீகாரம் தந்தது என்பதைச் சொல்லும். 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. அந்த எண் தரவரிசை அல்ல, 1 உயர்ந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அதற்குக் கீழே விதி எண். ‘ஆர்44/04’ பழையது, எடையை வைத்துப் பிரிப்பது. ‘ஆர்129’ புதியது, உயரத்தை வைத்துப் பிரிப்பது, பக்கவாட்டு மோதலையும் சோதிப்பது, குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது. இந்தியத் தரம் ‘ஏ.ஐ.எஸ். 072’. இவற்றில் ஒன்றாவது சீட்டிலேயே இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருந்து சீட்டில் ஒட்டுச்சீட்டு இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

ஐசோஃபிக்ஸ் சீட் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. சீட்டின் எடையும் குழந்தையின் எடையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக்கூடாது. 14 கிலோ சீட் என்றால் குழந்தைக்கு 19 கிலோதான் மிச்சம். கனமான சீட் உறுதியானது என்ற எண்ணத்தில் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

6. அமெரிக்காவிலிருந்து வரும் சீட்

சென்னையில் இதைச் சொல்லாமல் வழிகாட்டி முழுமையாகாது. கலிபோர்னியாவில் இருக்கும் அத்தையோ சித்தப்பாவோ ஆசையாக ஒரு சீட்டைச் சுமந்து வருவார். சீட் நல்லதுதான். சிக்கல் நம் கார் பெல்ட்டில்.

அங்கே விற்கும் கார்களின் பின் இருக்கைப் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் பல் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை நம்பித்தான் பல அமெரிக்கச் சீட்டுகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நம் பெல்ட் அப்படிப் பூட்டாது. நன்றாக இறுக்கிக் கட்டியதுபோல் தோன்றும், வேளச்சேரி மேம்பாலத்தின் ஒரு வளைவில் சீட் பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருந்தால் பிரச்சினை இல்லை. அதனால் உறவினர் வாங்குவதற்கு முன்பே, “பெல்ட் பூட்டு உள்ள மாடலா, பாருங்கள் அத்தை” என்று கேட்டுவிடுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

அந்தச் சீட்டுகளின் கீழ்ப் பட்டையில் உள்ள கொக்கி நம் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும். அதற்கும் எடை வரம்பு உண்டு. சீட்டும் குழந்தையும் சேர்த்து 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 கிலோ. சீட்டின் ஒட்டுச்சீட்டில் குழந்தைக்கு எத்தனை பவுண்டுவரை என்று தனியாக எழுதியிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். அதைத் தாண்டினால் பெல்ட்டுக்கு மாற வேண்டும், மறுபடி அதே பூட்டுப் பிரச்சினை.

7. காரில் எந்த இடம்

முன் இருக்கை வேண்டவே வேண்டாம். காற்றுப்பை உள்ள இருக்கையில் பின்னோக்கிய சீட்டை வைத்தால், விரியும் பை சீட்டின் முதுகை, அதாவது குழந்தையின் தலைப்பக்கத்தை நேராக அடிக்கும்.

பின்னால் நடு இடம்தான் பக்கவாட்டு மோதலுக்கு எட்டாத இடம். ஆனால் நம் கார்களில் பெரும்பாலும் அங்கே ஐசோஃபிக்ஸ் கிடையாது, மெத்தை மேடாக இருக்கும், சீட் ஆடும். ஆடும் நடு இடத்தைவிட உறுதியான ஓர இடம் மேல். நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இடப்பக்கப் பின் இருக்கை. நாம் இடப்பக்கமாகப் போகிறோம், காரை ஓரம் கட்டினால் அந்தக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். உஸ்மான் சாலையில் சாலைப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, குழந்தையின் கொக்கியைக் கழற்றிப் பாருங்கள், அப்போது தெரியும்.

8. கடையில்

இப்போதுதான் கடைக்குப் போகலாம். காரிலேயே போங்கள். வார நாளில் காலையில் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். “என் காரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்” என்று நுழையும்போதே சொல்லிவிடுங்கள். காட்சிக்கு வைத்த சீட்டையாவது கொண்டுவரச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காத கடையில் வாங்கத் தேவையில்லை. இணையத்தில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் விதியை முதலில் படித்துவிட்டு, பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, அன்றே காரில் வைத்துப் பாருங்கள்.

பின்னோக்கி வைத்து முதலில் பாருங்கள், அதுதான் கடினமான நிலை. முன்னோக்கிப் பொருந்தாத சீட் அபூர்வம். சாய்வைக் காட்டும் கோடோ குமிழோ சீட்டின் பக்கவாட்டில் இருக்கும், காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். தலை நிற்காத கைக்குழந்தைக்குச் சாய்வு போதவில்லை என்றால் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சு அடைபடும். இது விபத்து இல்லாமலே வரும் ஆபத்து.

பெல்ட் கொக்கிவரை தளர்வாக எட்டுகிறதா, முன் இருக்கையில் உயரமானவர் உட்கார முடிகிறதா, கதவு மூடுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் பணத்தைக் கொடுங்கள். துணியின் நிறம், கோப்பை வைக்கும் குழி எல்லாம் அதற்குப் பிறகு.

9. பொருத்தும் வரிசை

வீட்டுக்கு வந்ததும் சீட்டின் கையேட்டை எடுத்து, பின்னோக்கி என்றால் நீல நிறப் பாதை, முன்னோக்கி என்றால் சிவப்பு நிறப் பாதை எங்கே போகிறது என்று பாருங்கள். ஐரோப்பியச் சீட்டுகளில் இந்த நிறங்கள்தான் வழக்கம். தவறான பாதையில் பெல்ட்டை விட்டு, “உறுதியாகத்தானே இருக்கிறது” என்று வாதாடியவர்கள் இரண்டு பேர் எங்கள் குடியிருப்பிலேயே உண்டு.

ஐசோஃபிக்ஸ் என்றால், சீட்டின் இரண்டு கைகளையும் முழுவதும் நீட்டி, ஒரே நேரத்தில் இரண்டையும் கம்பியில் தள்ளுங்கள். இரண்டு முறை ‘கிளிக்’ கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் பச்சைக் குறி தெரிய வேண்டும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு என்பது பொருத்தாததற்குச் சமம். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்மானத்தோடு ஒட்டவைத்து, கடைசியாக மேல் பட்டையை இறுக்குங்கள் அல்லது காலை ஊன்றுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அது இல்லாமல் சீட் முன்னால் குப்புறச் சுழலும்.

பெல்ட் என்றால், பாதை வழியே விட்டு, முறுக்கு இல்லாமல் நீவி, கொக்கியை மாட்டுங்கள். பிறகு முழங்காலைச் சீட்டில் ஊன்றி உடல் எடையை அதன் மேல் இறக்கியபடி, முதலில் இடுப்புப் பகுதியை, அடுத்துத் தோள் பகுதியை இழுத்துப் பூட்டுங்கள். வெறும் கையால் இழுத்தால் மெத்தையின் பஞ்சு அமுங்காது, ஒரு வாரத்தில் அதுவே அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். முன்னோக்கி வைக்கும்போது காரின் தலைச்சாய்மானம் சீட்டை முன்னால் தள்ளினால், கையேடு அனுமதித்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

சோதனை இப்படி: பெல்ட் அல்லது கைகள் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து, பலம் குறைந்த கையால் பக்கவாட்டில் அசையுங்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், பின்னோக்கி வைத்த சீட்டின் தலைப்பகுதி சற்று ஆடுவது இயல்பு.

ஐசோஃபிக்ஸில் பொருத்திய பிறகு, சீட்டின் எடையை ஆள் என்று நினைத்துக் கார் பீப் பீப் என்று கத்தலாம். இரு கையேடுகளும் அனுமதித்தால், சீட்டைப் பொருத்துவதற்கு முன்பே காரின் பெல்ட்டை அதன் பின்னால் கொக்கியில் மாட்டிவிடுங்கள். ஓசையை அடக்கும் போலிக் கொக்கிகளை வாங்கிப் போடாதீர்கள். அவை பிறகு பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கும் இடம்பெயர்ந்துவிடும்.

10. குழந்தையை அமர்த்துதல்

குழந்தையின் இடுப்பைச் சீட்டின் அடிவரை தள்ளி அமர்த்துங்கள். பின்னோக்கி என்றால் தோள்பட்டைகள் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி என்றால் சமமாகவோ சற்று மேலிருந்தோ. திசையை மாற்றும்போது இதையும் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கொக்கியை மாட்டி, முதலில் இடுப்புப் பக்கத் தளர்வை மேலே இழுத்துத் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு முன்னால் தொங்கும் நாடாவை இழுத்து இறுக்குங்கள். தோள் எலும்பின் மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்கு வந்தால் இன்னும் தளர்வு. வழுக்கினால் சரி.

நம் வீடுகளில் குளிர்காலக் கோட்டு இல்லை. அதற்குப் பதில் பட்டுப்பாவாடை இருக்கிறது. திருமணத்துக்குக் கிளம்பும்போது சரிகை விறைத்த பாவாடை பட்டைகளுக்குள் பந்துபோல் சுருண்டு, கிள்ளும் சோதனையை ஏமாற்றிவிடும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை பாவாடைக்கு மேல் போனால் இடுப்புப் பட்டை தொடையில் படியாமல் வயிற்றுக்கு ஏறும். மண்டபத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள், பருத்திக் கவுனில் பயணம் செய்யட்டும். வெள்ளி அரைஞாணின் முடிச்சு கொக்கிக்கு அடியில் மாட்டி அழுத்துகிறதா என்றும் பாருங்கள். காரணம் தெரியாமல் குழந்தை வீறிடுவது சில சமயம் இதனால்தான். தனியாக விற்கும் மெத்தை, தலையணை, தோளுறை எதையும் குழந்தைக்குப் பின்னால் வைக்காதீர்கள். சீட்டோடு வந்தது மட்டும்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் நுழைவார்கள். “ஏன் தம்பி, பச்சைக் குழந்தையைக் கட்டிப்போடுகிறாய்? என் மடியில் கொடு” என்றார் என் மாமியார். அவரிடம் சட்டப் பிரிவு பேசிப் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194பி பிரிவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பாகக் கட்டாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் உண்டு. அவருக்குச் சொன்னது வேறு: “மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நிற்பதும், மூன்றாவது மாடியிலிருந்து விழுவதும் ஒரே வேகம் அத்தை. அந்த வேகத்தில் கையில் எதையும் பிடித்து வைத்திருக்க முடியாது.” எங்கள் வீடு மூன்றாவது மாடியில்தான். பால்கனியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார், பிறகு கேட்கவில்லை.

பெரும் பயணத்தில் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். முதல் வாரம் பெசன்ட் நகர் வரை, இருபது நிமிடம். திருச்சிக்குப் போகும்போது செங்கல்பட்டிலோ திண்டிவனத்திலோ நிறுத்தி, வெளியே எடுத்துக் காலை நீட்டவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வு வேண்டாம், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணி நேரமே அதிகம். பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கழற்றி மடியில் வைக்கும் ஆசை வரும். அங்கேதான் பின்னால் வரும் வண்டி இடிக்கும்.

11. வெயில்

ஏப்ரல், மே மாதங்களில் வெளியே நிறுத்திய காரில் கொக்கியின் உலோகம் தொடையில் சூடு வைத்ததுபோல் சுடும். இறங்கும்போதே ஒரு பழைய வேட்டித் துண்டைச் சீட் முழுக்க மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் குழந்தையை அமர்த்தும் முன் கொக்கியை உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஐந்து நிமிடம்தானே’ என்று குழந்தையைச் சீட்டிலேயே விட்டுக் கடைக்குள் போவது எந்த மாதத்திலும் கூடாது.

12. முன்னோக்கித் திருப்பும் நாள்

குழந்தை ஒரு வயதை நெருங்கும்போது 9 கிலோ தொட்டுவிடும். பழைய விதிச் சீட்டுகளின் ஒட்டுச்சீட்டில் முன்னோக்கிப் பயன்பாடு 9 கிலோவில் தொடங்கும் என்று இருப்பதைப் பார்த்து அன்றே திருப்பிவிடுகிறார்கள். அது அனுமதியின் தொடக்கம், கட்டாயம் இல்லை. பின்னோக்கிய எடை வரம்பு முடியும்வரை, அல்லது உச்சந்தலை ஓட்டின் மேல்விளிம்புக்கு இரண்டரை செ.மீ. அருகில் வரும்வரை அப்படியே இருக்கட்டும். கால் சாய்மானத்தில் இடிக்கிறதே என்பார்கள். குழந்தை சம்மணம் போட்டுக்கொள்ளும், நம்மைவிட அதற்கு மூட்டு நன்றாக மடங்கும்.

13. பழைய சீட்

சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பதித்திருக்கும். எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பது கையேட்டில் இருக்கும், பொதுவாக 6 முதல் 10 ஆண்டுவரை. நம் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும் என்பதால் நான் குறைந்த பக்கத்தையே நம்புகிறேன்.

அண்ணன் வீட்டுச் சீட், அக்கா வீட்டுச் சீட் என்றால் வாங்கிக்கொள்ளலாம், வரலாறு தெரியும். முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஒரு நல்ல மோதலைச் சந்தித்த சீட் வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே விரிசல் விட்டிருக்கும். உங்கள் சீட்டே மோதலில் சிக்கினால், காப்பீட்டு விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், புதிது வாங்குங்கள்.

தூக்கிப் போடும்போது அப்படியே பழைய பேப்பர்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் துடைத்து மறுநாளே விற்றுவிடுவார். தோள் பட்டைகளைக் கத்தரியால் நறுக்கி, ஓட்டின் மேல் கொட்டை எழுத்தில் ‘பயன்படுத்தாதே’ என்று மார்க்கரில் எழுதிவிட்டுக் கொடுங்கள். அதன் பிறகு எடைக்கு எத்தனை ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.